ஃப்ளாஷ் பிடித்த கை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மாப்பிள்ளை, பெண் பெயர்களைத்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்தான் இது. சரியில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரக்காணத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருந்தது. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் படம் எடுக்கப் போவேன். கூட என் மனைவியும் வருவாள். ஃப்ளாஷை நான் கேமராவின் தலையில் மாட்டுவதில்லை. நீளமான ஒயர் போட்டு அவள் கையில் கொடுத்திருந்தேன். வெளிச்சம் நன்றாக விழும் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையான காரணம் வேறு. பெண்கள் கூடியிருக்கும் அறைக்குள் போனால் எனக்கு வாய் திறக்காது. "இந்தப் பக்கம் பாருங்க", "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்ல வராது. அவளுக்கு வரும்.

"இன்னாடி கல்யாணப் பொண்ணு, உன்ன யாரு அடிச்சாங்க? மாப்பிள்ள ஓடிடப் போறாரு, சிரி" என்பாள்.

பெண் சிரிக்கும். நான் அழுத்துவேன். முகம் நல்லா விழும், சிரிச்ச மாதிரி எடுப்பாரு என்று ஊரில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அதில் பாதி அவள் வாய் வாங்கித் தந்த பேர்.

பட்டாம்பூச்சி எடுக்கும் பழக்கமும் இந்தத் தொழிலில் இருந்து வந்ததுதான். அப்போது எல்லாம் ஃபிலிம் ரோல். ரோல் முடிந்தால்தான் பாண்டிச்சேரி லேபுக்கு அனுப்பமுடியும். விசேஷம் முடிந்த பிறகு ரோலில் கொஞ்சம் படம் மிச்சம் நிற்கும். அதைச் சுவரைப் பார்த்து அடித்துத் தீர்ப்பவர்கள் உண்டு. எனக்கு மனசு வராது. காலையில் வெயில் ஏறுமுன் இரண்டு பேரும் மொபெட்டில் உப்பளத்து வரப்புக்குப் போவோம். அங்கே எருக்கஞ்செடியில் பட்டாம்பூச்சிகள் பனியில் நனைந்து பறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். லென்ஸுக்கு முன்னால் க்ளோசப் கண்ணாடியைத் திருகிக்கொண்டு நான் வயிற்றைத் தரையில் வைத்துப் படுப்பேன். அவள் குந்தி உட்கார்ந்து ஃப்ளாஷைப் பூச்சியின் முகத்துக்கு நேரே நீட்டுவாள். ஃப்ளாஷ் கீச்சென்று சத்தம் போட்டுச் சார்ஜ் ஏறும். ஏறி முடிந்ததும் அதன் முதுகில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

"வந்துச்சு" என்பாள், பூச்சிக்குக் கேட்காத குரலில்.

நான் மூச்சை அடக்கி அழுத்துவேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பேச்சிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஒரு சொல்தான்.

ஒரு தடவை லேபில் பூச்சிப் படங்களைத் தனிக் கவரில் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரிண்ட் போட்டு அனுப்பிவிட்டார்கள். நானும் பார்க்காமல் கல்யாண வீட்டில் கொடுத்துவிட்டேன். பெண்ணின் அம்மா ஒரு எருக்கஞ்செடிப் பட்டாம்பூச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, "போட்டாக்காரரே, இது மாப்பிள்ள வூட்டு சொந்தமா, எங்க வூட்டு சொந்தமா?" என்று கேட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. என் மனைவிதான், "ரெண்டு வூட்டுக்கும் பொதுங்க, மொய் மட்டும் வெக்காது" என்று சொல்லிச் சமாளித்தாள்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து ஒரு வருஷம் கழிந்திருந்தது. அந்த மாசி மாசம் பேங்க்குக்கு ஒரு ஆபீசர் மாற்றலாகி வந்தார். சின்ன வயசு, கல்யாணம் ஆகாதவர். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க என் ஸ்டுடியோவுக்கு வந்தவர், சுவரில் நான் மாட்டியிருந்த பட்டாம்பூச்சிப் படங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதெல்லாம் நீங்க எடுத்ததா சார்?"

தலையை ஆட்டினேன்.

"நானும் எடுப்பேன். இடத்த மட்டும் காட்டுங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன்."

என்னால் யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் மூன்று பேரும் போனோம். அவரிடம் இருந்தது டிஜிட்டல் கேமரா. அதை நான் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருந்தேன். தனி ஃப்ளாஷும் ஒயரோடு வைத்திருந்தார். ஆனால் ஒரு கையில் கேமராவும் ஒரு கையில் ஃப்ளாஷுமாக அவர் தடுமாறினார். அவர் மண்டியிட்டால் ஃப்ளாஷ் சேற்றைத் தொட்டது. ஃப்ளாஷைத் தூக்கினால் கேமரா ஆடியது. பார்க்கப் பாவமாக இருந்தது என்று அவள் அப்புறம் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"குடுங்க சார், நான் புடிக்கிறேன்" என்று அவள் போய்விட்டாள்.

என் ரோலில் அன்று படமும் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது.

"வந்துச்சு."

அதே குரல், அதே மெதுவு. வேறு ஆளுக்கு. அந்தச் சொல்லை அவள் எனக்கென்று வைத்திருக்கிறாள் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட மோசம் அடுத்தது. ஆபீசர் படத்தை எடுத்த உடனே கேமராவைத் திருப்பி அவளிடம் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். "ஐயோ! இப்பவே தெரியுதே!" என்று கத்தினாள். என்னோடு எடுத்த நாட்களில், அவள் கை எப்படி வெளிச்சம் போட்டது என்று அவளுக்குத் தெரியப் பத்து நாள் ஆகும். அதற்குள் எந்தப் பூச்சி, எந்தச் செடி என்பதே மறந்துவிடும். இங்கே கையைச் சாய்த்தாள், பார்த்தாள். பக்கவாட்டில் வைத்தாள், பார்த்தாள். பின்னாலிருந்து காட்டினாள். இறக்கைக்குள் வெளிச்சம் புகுந்து நரம்பெல்லாம் தெரிந்தது.

"என்னாங்க, இங்க வந்து பாருங்களேன். நம்ம படமெல்லாம் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்குது, இது பாருங்க."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொன்னாள். அதுதான் தைத்தது. அவள் சொன்னது சரி என்றும் எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணப் பெண்ணின் முகத்தில் ஒரு பொட்டு நிழல் விழுந்தாலும், "பொண்ணு கறுப்பா விழுந்துடுச்சி, வேற எடுத்துக் குடுங்க" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தப் பயத்தில் எப்போதும் முகத்துக்கு நேரே அடித்து அடித்து எனக்குக் கை அப்படியே பழகிவிட்டது. பட்டாம்பூச்சியையும் மணப்பெண் மாதிரி உட்கார வைத்து, நேராக வெளிச்சம் அடித்து, நிழலே இல்லாமல் எடுத்திருக்கிறேன். பின்னால் எல்லாம் கறுப்பு, நடுவில் காகிதத்தில் வெட்டி ஒட்டின மாதிரி ஒரு பூச்சி. பூச்சிக்கு எந்த மாமியார் வந்து நிறம் குறைச்சல் என்று சொல்லப்போகிறாள்? எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்கு ஒரு காலையில் தோன்றிவிட்டது, கேமராவின் பின்னால் இருந்த அந்தச் சின்னத் திரையால்.

அடுத்த வாரமும் ஆபீசர் வந்தார். அந்த வாரம் அவர் "சார்" இல்லை, "தம்பி" ஆகிவிட்டார். அவருக்கு அவள் "அக்கா". ஒரு இடத்தில், "இத எங்க அழுத்தணும், தம்பி?" என்று கேட்டாள். அவர் சொல்லிக் கொடுத்தார். ஒரு செடியை எடுத்தாள், என்னை எடுத்தாள். என் கேமராவை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ரோல் வீணாகும் என்று சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அடுத்த வாரமும் போறியா?"

"நீங்களும்தான வர்றீங்க."

"நான் எதுக்கு? சார் இருக்காரு, நீ இருக்கிற."

"ஐயே, மூஞ்சி ஏன் இப்படி போவுது? அந்தப் பையனுக்கு என் தம்பி வயசுகூட ஆவாது."

"நான் அதச் சொல்லல."

"பின்ன எதச் சொல்றீங்க?"

எதைச் சொல்ல? உன் கையை இன்னொருத்தருக்கு நீட்டாதே என்று எப்படிச் சொல்வது? நீ இல்லாவிட்டால் எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் எனக்காகச் சிரிக்காது என்று சொல்லியிருக்கலாம்.

"ஃப்ளாஷ் என்னோடது" என்றேன்.

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "உங்க ஃப்ளாஷ நீங்களே பத்திரமா வெச்சிக்கிங்க. அவர்கிட்ட வேற இருக்குது."

மூன்றாவது வாரம் நான் பிடிவாதமாகப் புது ரோலை மாட்டிக்கொண்டு போனேன். விசேஷத்தில் மிஞ்சின ரோல் அல்ல, பூச்சிக்கென்றே மாட்டின முழு ரோல். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உப்பு வாரும் பெண்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். வரப்போரம் வெள்ளை வெள்ளையாகக் குவியல் போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி எங்களைப் பார்த்து, "யக்கா, இன்னா ரெண்டு போட்டாக்காரரு? பூச்சிக்குப் பெரிய எடத்துல கல்யாணமா?" என்றாள்.

"ஆமாண்டி, உனக்குப் பத்திரிக வரல?" என்றாள் என் மனைவி.

குவியலை ஒட்டி ஒரு புதர் இருந்தது. உப்புக் காற்றிலும் வாடாத புதர், பெயர் எனக்குத் தெரியாது. அதில் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்து மெதுவாக இறக்கையை விரித்தது. உள்பக்கம் வெந்த இறால் நிறம். ஓரம் முழுக்கக் கறுப்பு, கறுப்புக்குள் சின்னச் சின்னப் புள்ளி. அந்த வகை எப்போதும் இறக்கையை மூடிக்கொண்டுதான் உட்காரும். இத்தனை வருஷத்தில் விரித்து வைத்து நான் எடுத்ததே இல்லை.

"அக்கா, இங்க, இங்க" என்று ஆபீசர் கையைக் காட்டினார்.

என் ஃப்ளாஷை எடுத்து அவள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. முகத்தில் ஒரு சலிப்பு வந்தது.

"ரெண்டு பேரும் தள்ளுங்க. தம்பி, கேமராவக் குடு."

ஆபீசர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். அவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அவருடைய ஃப்ளாஷை அவள் என் கையில் திணித்தாள்.

"இந்தாங்க, நீங்க புடிங்க. பூச்சிக்குக் காட்டாதீங்க. உப்புக்குக் காட்டுங்க."

"உப்புக்கா?"

"குமிச்சிருக்குது பாருங்க, அது மேல. அது வெளிச்சத்தத் திருப்பிக் குடுக்கும்."

மண்டி போட்டுக் கையை நீட்டினேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் போலவே தரையில் படுத்தாள். உப்பு வாரும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு அது காதில் விழவே இல்லை. ஃப்ளாஷைப் பிடித்திருக்கிறவனுக்கு எதுவும் தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பூச்சி தெரியாது, படம் தெரியாது. கை வலி மட்டும் தெரியும்.

"இன்னும் கீழ. ஐயோ ஆட்டாதீங்க. அப்படியே."

சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு வழியில்லாமல், "வந்துச்சு" என்றேன்.

அழுத்தினாள். உப்புக் குவியல் ஒரு கணம் தீப்பிடித்த மாதிரி வெளுத்து அடங்கியது. பூச்சி பறந்துவிட்டது. அவளும் ஆபீசரும் தலையோடு தலை வைத்துக் கேமராவைப் பார்த்தார்கள். பிறகு அவர், "அக்கா" என்று மட்டும் சொன்னார்.

நானும் போய்ப் பார்த்தேன். பின்னால் கறுப்பு இல்லை. உப்பின் வெள்ளை பாலாடை மாதிரி பரவியிருந்தது. அந்த இறால் நிறம் வெளியிலிருந்து வெளிச்சம் பட்டதாகத் தெரியவில்லை, உள்ளேயிருந்து கசிந்த மாதிரி இருந்தது. என் சுவரில் இருந்த எந்தப் படமும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆபீசர் மேல் மூன்று வாரமாக இருந்த பொறாமை அந்த இடத்திலேயே போய்விட்டது. போகவில்லை, மொத்தமாக அவள் பக்கம் திரும்பிவிட்டது. அவர் ஊர்க்காரர் இல்லை, என்றைக்காவது மாற்றலாகிப் போய்விடுவார் என்று தேற்றிக்கொள்ளலாம். இவளை என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது? என் வீட்டில் இருக்கிறாள், என் தொழிலில் இருக்கிறாள், என்னைவிட நன்றாக எடுக்கிறாள். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றி யாராவது பேசினால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

மொபெட்டில் திரும்பி வரும்போது அவள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"நாளைக்கு கிளியனூர் விசேஷத்துல நான் ஒரு பத்து படம் எடுக்கட்டா? நீங்க லைட்டப் புடிங்க."

"பொண்ணுங்கள யாரு சிரிக்க வெப்பாங்க?"

"நான்தான். கேமராவக் கண்ணுலதான வெக்கிறாங்க, வாயிலயா வெக்கிறாங்க?"

நியாயமான பேச்சுதான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பையில் கிடந்த முழு ரோல் ஒரு படம்கூட எடுக்காமல் அப்படியே இருந்தது. எனக்குள் இருந்தது அத்தனையும் சேர்ந்து வேறு ஒன்றாக வெளியே வந்தது.

"ரோல் வீணாவும்" என்றேன்.

என் தோளில் வைத்திருந்த கையை எடுத்து அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கிளியனூரில் மஞ்சள் நீராட்டு. துணி ஊறப்போட்டிருப்பதாகச் சொல்லி அவள் வர முடியாது என்றுவிட்டாள். ஃப்ளாஷைக் கேமராவின் தலையில் மாட்டிக்கொண்டு நான் மட்டும் போய், யாரையும் சிரிக்கச் சொல்ல வாய் வராமல் எடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன்.