எட்டு மணி நேரத் தூரம்

என் தம்பி மெல்பர்னுக்குக் குடிபோனபோது அம்மாவுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். சிங்கப்பூரில் விமானம் ஏறினால் எட்டு மணி நேரம். ஆறாயிரம் கிலோமீட்டரெல்லாம் இந்தக் காலத்தில் ஒரு தூரமா என்பான். சிங்கப்பூர் எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், உலு திராமில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதை ஒப்பிப்பார். "எட்டே மணி நேரந்தான். காலையில ஏறினா சாயங்காலம் வந்துருவான்."

போய் ஐந்து வருஷமாகியும் ஒரு தடவைகூட வரவில்லை. அந்த எட்டைக் கேட்டாலே எனக்குக் குமட்டும்.

போன டிசம்பரில் அழைத்தான். பெண்டாட்டி பிள்ளைகளோடு லண்டனுக்குச் சுற்றுலாவாம். சிங்கப்பூரில் காலையில் இறங்கி இரவில் அடுத்த விமானமாம். வீட்டுக்கு வந்துட்டுப் போடா என்றேன்.

"பாலத்துல ஜேம் எப்படின்னு உங்களுக்குத் தெரியுந்தானே அக்கா? பிளைட்ட விட்டா யாரு பாக்கறது? நீங்க அம்மாவ ஏர்போர்ட்டுக்கு அழச்சிட்டு வந்துருங்க லா. நான் வெளிய வந்து பாக்கறேன்."

ஆறாயிரம் கிலோமீட்டர் பறக்கிறவனுக்கு ஒரு கிலோமீட்டர் பாலம் தூரமாகிவிட்டது.

அம்மா விடியுமுன்பே எழுந்து அவனுக்குப் பிடித்த நண்டைப் பிரட்டினார். முட்டி தேய்ந்தவர். சோதனைச் சாவடியில் ஏறி இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி பஸ் ஏறினோம். பாலத்தில் பஸ் நகரவேயில்லை. டீசல் புகை, யாரோ எடுத்த வாந்தி, பின்சீட்டுக்காரன் கழற்றிப்போட்ட சப்பாத்தின் நாற்றம். அம்மா நண்டு டப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை.

விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து அவனுக்குப் போன் போட்டேன்.

"பிள்ளைங்க தூங்கிட்டாங்க அக்கா. உள்ளயே ரூம் எடுத்துட்டோம். வெளிய வந்தா மறுபடி பாஸ்போர்ட், செக்கிங்னு ஒரே தொல்ல. வீடியோ கால் போடறேன், அம்மாகிட்ட குடுங்க."

நடுவில் சில சுவர்கள்தான். திரையில் வெள்ளை வெளேரென்ற குளியல் அங்கியோடு வந்தான். ஒரு கையில் வெட்டிய பழம். "என்னம்மா, இப்படி இளைச்சிட்டீங்க?" என்றான் மென்றுகொண்டே. அம்மா நண்டு டப்பாவைத் திறந்து போனுக்கு நேராகப் பிடித்தார்.

"சூப்பர்மா," என்றான்.

எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. வழவழவென்று துடைத்த தரை. துப்பினால் அபராதம் வேறு. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லை இப்படிக் கேவலப்படுத்தக் கூடாது.

திரும்பி வரும் வழியில் பாலத்திலேயே நண்டு கெட்டுப்போனது.

மறுநாள் அவர் அந்த டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "என் மக மெல்பர்னுக்குப் படிக்கப் போறேங்கறா. எட்டு மணி நேரந்தானே ஆண்ட்டி?"

அம்மா நிமிராமல் தேய்த்தார்.

"எனக்குத் தெரியலம்மா. அங்கேருந்து இன்னும் யாரும் வந்து சேரலையே."