டீத்தூள் உறை நிறம் மாறிய நாள்

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் கடை வைத்திருந்த பேச்சியம்மாளின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். ஓய்வுபெற்ற ஆசிரியன்.

அன்று ஆடித்தபசுத் திருவிழா, கடையில் நல்ல கூட்டம். நான் வழக்கமாக வாங்கும் டீத்தூளின் பச்சை உறை நீலமாகி, பெயரும் மாறியிருந்தது.

"போலிச் சரக்கை யார் தலையில கட்டுதே?" என்று கத்தினேன்.

"சார்வாள், இப்ப இப்படித்தான் வருது."

"திருடி முழிக்கிற முழியைப் பாருங்க!" என்று பாக்கெட்டைக் கிழித்து வாசலில் கொட்டினேன். கூட்டம் சிரித்தது. அதன் பிறகு தெருக்காரர்கள் யாரும் அந்தக் கடைக்குப் போகவில்லை.

சில வாரங்கள் கழித்து, திருநெல்வேலியில் மகன் வீட்டிலும் அதே நீல உறையைப் பார்த்தேன்.

"கம்பெனி கைமாறிட்டு மாமா. பழைய பேரைப் பழைய முதலாளி விட்டுக்கொடுக்கலையாம். பின்னாலயே போட்டிருக்கே," என்றாள் மருமகள்.

மறுநாளே பேச்சியம்மாளிடம் போய், மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டேன்.

"ஊரைக் கூட்டித் திருடின்னீங்க. இப்ப காதுக்குள்ள வந்து சொல்லுதீங்களே, சார்வாள்?"

உடனே வாசலில் நின்று, தவறு என்னுடையது என்று உரக்கச் சொன்னேன். கேட்பதற்குக் கடையில் ஒருவரும் இல்லை. அந்த மாதமே அவள் கடையை மூடிவிட்டாள்.

இப்போது எந்த உறை மாறியிருந்தாலும் பின்புறத்தைப் படித்த பிறகே வாய் திறக்கிறேன். டீத்தூளுக்கு பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறேன். எங்கள் தெருவில் வேறு கடை கிடையாது.