டக்கென்று ஒரு சத்தம்

லைட் எரிந்தால் எலக்ட்ரீசியனை யாரும் நினைப்பதில்லை. அணைந்தால் அவனைப் பெற்றவளையும் சேர்த்து நினைப்பார்கள். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் இருக்கும். பதுளையில் ஒரு மின்சாமான் கடையில் எனக்கு வேலை. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை, லைட்டெல்லாம் தானாக எரிந்து தானாக அணைய வேண்டும் என்றார். அதற்குத்தான் கொன்டாக்டர். பெட்டிக்குள் இருக்கும் பெரிய சுவிட்ச் அது. பொத்தானோ கடிகாரமோ சைகை காட்டினால் உள்ளே காந்தம் டக்கென்று இழுக்கும். ஃபெக்டரி முழுக்க ஒரே நேரத்தில் எரியும்.

அந்த ஃபெக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் வேலாயுதத்தின் மகளைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணை ஒருதரம் பார்த்திருந்தேன், அதன்பிறகு எனக்குத் தூக்கமில்லை. அவரோ, "மொதல்ல லைட் எரியட்டும், பொறகு பேசுவோம்" என்றுவிட்டார்.

உள்ளே யார்?

முதல் நாள் பொத்தானை அமுக்கினேன். டக்கென்ற சத்தத்தோடு கோடிவரை வெளிச்சம். தூள் சலிக்கும் பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். காந்தம், கம்பிச்சுருள் என்று நான் அளந்துகொண்டிருந்ததை மாரியாயி என்பவர் மட்டும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க தம்பி, உள்ள உக்காந்து தட்டுறவருக்குத் தேத்தண்ணி குடுத்தீங்களா?"

துரையின் ஆறு மணி

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து லைட்டுக்குக் கடிகாரம் வைத்தேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் திருப்பினேன். அங்கேதான் மண்ணைக் கவ்வினேன். வேலை சீக்கிரம் தொடங்கட்டும் என்று துரை தோட்டத்து மணியை அரைமணி முந்தி ஓடவிட்டிருந்தார். பதுளைக்காரனான எனக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாள் விடியுமுன் ஜனம் பெரட்டுக்கு வந்து நிற்க, லைட் வரவில்லை. பனிமூட்டம் வேறு. பிந்தி வந்தவர்களெல்லாம் சத்தமில்லாமல் வரிசையில் கலந்துகொண்டார்கள். டீமேக்கர் துரையின் நாயை மிதித்துவிட்டார். நாய் கத்தியது, துரை கத்தினார், டீமேக்கர் என்னை முறைத்துவிட்டு ஃபெக்டரிக்குள் போனார். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். வியர்க்க வியர்க்கக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போகிற, அன்று பிந்தி வந்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு நாள் பொறுத்து வந்து திருத்தக் கூடாதாங்க? இன்னைக்குத்தான் நல்லாத் தூங்கிட்டு வந்தோம்."

சந்தனம்

ஆயுத பூஜைக்கு டீமேக்கர் என்னைக் கூப்பிட்டிருந்தார். பூஜை முடிந்ததும் கல்யாணத்துக்கு முடிவு சொல்வதாக ஏற்பாடு. மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, துரைக்கு மாலை போட்டு, பொரியும் கடலையும் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்தது. டக். சத்தம் வந்தது, லைட் வரவில்லை.

மெயினை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றோடொன்று முட்ட வேண்டிய செப்பு முனைகள் ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மத்தியானம் மெயினை நிறுத்தியிருந்த நேரத்தில் டீமேக்கர் பக்தியோடு அப்பியது காய்ந்து ஓடாகிவிட்டிருந்தது. முட்டினாலும் மின்சாரம் எப்படிப் போகும்?

சுரண்டி எடுத்தேன். லைட் எரிந்தது. "என்ன பழுது?" என்றார் துரை. டீமேக்கரின் முகம் வெளிறிவிட்டது. நாயை மிதித்ததையே துரை இன்னும் மறக்கவில்லை.

"என் வேலைதாங்க சரியில்ல. ஒரு கம்பிய ஒழுங்கா முறுக்கல" என்றேன். எல்லோர் முன்னாலும் துரை என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனார். அவர் கார் வளைவு திரும்பும்வரை காத்திருந்த டீமேக்கர், என் கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்தார்.

"தொர மூஞ்சியப் பாத்தே இம்புட்டு அழகாப் பொய் சொல்றீங்க. குடும்பம் நடத்திருவீங்க, மாப்பிள்ளை."

எனக்குப் பெண் கிடைத்தாள், கடைக்கு அந்தத் தோட்டம் கைவிட்டுப் போனது. இதை லாபத்தில் சேர்ப்பதா நஷ்டத்தில் சேர்ப்பதா என்று எங்கள் முதலாளிக்கு இன்றுவரை தெரியவில்லை, சில நாட்களில் எனக்கும்தான்.