சுகந்தி அக்காவின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது!

இன்று மதியம் லண்டனின் சட்டன் பகுதியில் பஸ்ஸுக்கு நின்றபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன்!

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர், "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்று கேட்டார்.

"எங்க அக்கா சோஷியல் வொர்க்கர் ஆயிட்டாங்க!" என்று தமிழிலேயே சொன்னேன். (பாவம், அவரும் தலையாட்டினார்.)

விஷயம் இதுதான்.

சுகந்தி அக்காவும் நானும் இங்கே ஒன்றாக சோஷியல் வொர்க் எம்.ஏ. படித்தோம். நான் திருச்சி, கணவரின் ஐ.டி. வேலையோடு லண்டன் வந்தவள். அக்கா யாழ்ப்பாணம். வடக்கு லண்டன் எட்மண்டனில் வீடு, வகுப்பிலேயே மூத்தவர். கேர் ஹோமில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்து முதல் வரிசையில் உட்காருவார்.

இங்கே பட்டம் மட்டும் போதாது. அதற்கென்று இருக்கிற அமைப்பிடம் விண்ணப்பித்து, பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதுவரை 'நான் சோஷியல் வொர்க்கர்' என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. சட்டம்! (என் மாமியார் முதல் செமஸ்டரிலேயே திருச்சி முழுக்கச் சொல்லிவிட்டார். அவரை யார் பிடிப்பது?)

எனக்குச் சீக்கிரமே பதிவு வந்துவிட்டது. வகுப்பில் ஒவ்வொருவருக்காக வந்தது.

அக்காவுக்கு மட்டும் வரவில்லை.

அவருக்கு ஒரு கவுன்சிலில் (நம்ம ஊர் மாநகராட்சி மாதிரி), குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில், வேலை தயாராக இருந்தது. பதிவு வந்தால்தான் சேரலாம்.

"என்னக்கா இவ்ளோ லேட்டு? போன் பண்ணிக் கேளுங்க" என்றேன்.

"அவை என்னட்டை விளக்கம் கேட்டிருக்கினம், பிள்ளை. நான் மறியல்லை இருந்தனான் எல்லோ."

மறியல் என்றால் எனக்குத் தெரிந்தது சாலை மறியல்தான். "அட, போராட்டமெல்லாம் பண்ணிருக்கீங்களா!" என்று பெருமையாகக் கேட்டேன்.

அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"ஜெயில், பிள்ளை. ஜெயில்."

(அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "ஓம், தாராளமா எழுதும்" என்றார்.)

ஊரில் சண்டை நடந்த காலம். இளம்பெண்ணாக, ஏஜென்ட் கொடுத்த வேறொருத்தியின் பாஸ்போர்ட்டோடு லண்டனில் வந்து இறங்கியிருக்கிறார். விமான நிலையத்திலேயே பிடித்துவிட்டார்கள். வழக்கு, தண்டனை, சில மாதம் சிறை. அகதியாக ஏற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். எங்கள் பல்கலைக்கழக நேர்காணலில் இதையெல்லாம் சொல்லித்தான் இடம் வாங்கியிருக்கிறார். எங்களுக்குத்தான் தெரியாது.

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை" என்றார், சாதாரணமாக.

நான் உடனே ஆலோசனை சொல்லக் கிளம்பிவிட்டேன். "ஒரே வரியில முடிச்சிடுங்கக்கா. ஏஜென்ட் ஏமாத்திட்டான்னு எழுதிடுங்க."

"அவன் ஏமாத்தேல்லை. அது வேற ஆளின்ரை பாஸ்போர்ட் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நீட்டினனான்."

"அதை எழுதினா உங்களுக்குத்தானேக்கா ஆபத்து!"

அக்கா சொன்னார்:

"நாளைக்கு நான் ஒரு வீட்டு வாசல்லை போய் நிண்டு, 'அம்மா, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கோ' எண்டு கேக்கப் போறன். நான் பாதியை விழுங்கிப்போட்டு, அந்த மனுசியிட்டை எந்த முகத்தோடை கேக்கிறது?"

அவர் கணவருக்கே இதில் விருப்பமில்லை. "ஏன் பழசைக் கிண்டுறாய்? கேர் ஹோம் வேலை கிடக்குத்தானே" என்று சத்தம் போட்டிருக்கிறார். அப்படிச் சொன்ன மனிதர்தான், அக்கா எழுதி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பெல்லிங் திருத்திக் கொடுத்தார்!

அனுப்பினார். அவர்கள் மறுபடி கேட்டார்கள். மறுபடி எழுதினார். பயிற்சிக் காலத்தில் மேற்பார்வை பார்த்தவரிடமும் விசாரித்தார்கள்.

வேலை தருவதாகச் சொன்ன கவுன்சிலும், "இதற்கு மேல் ரொம்பக் காத்திருக்க முடியாது" என்று சொல்லத் தொடங்கியது. நான் அந்த அமைப்பைத் திட்டாத நாளில்லை. (இங்கே எழுத முடியாது, குழந்தைகளும் படிக்கிறார்கள்.)

அக்கா ஒரே ஒரு தடவைதான் உடைந்தார். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு தோழி வீட்டுக்கு இருவரும் போய்விட்டு ரயிலில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "வராட்டில் என்ன செய்யிறது, பிள்ளை? எனக்கு இந்த வேலைதான் வேணும்."

நான் கையை விடவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். எனக்குத் தினமும் டீயோடு அதுதான் வேலை. இன்று காலையிலும் இல்லை. மதியம் பஸ் வரத் தாமதமானதால் சும்மா தட்டிப் பார்த்தேன்.

இருந்தது!

பெரியவருக்குத் தலையாட்டிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா! உங்க பேரு வந்துடுச்சு!"

அக்கா மீன் கடையில் நின்றார், பின்னால் ஒரே இரைச்சல்.

"எப்பிடிப் போட்டிருக்கினம்? முழுசா வாசியும்."

அப்பா பெயரோடு சேர்த்து வாசித்தேன்.

"ஓம். அது நான்தான்" என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் அழுதோம். (மீன்காரர் என்ன நினைத்தாரோ!)

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், "இவ்ளோ நாள் அலைக்கழிச்சாங்களே, கோவமே வரலியாக்கா?"

"ஒரு பிள்ளையைத் தாயிட்டையிருந்து பிரிக்கிறதோ, வேண்டாமோ எண்டு முடிவு சொல்லுற வேலை இது. அந்த வாசலுக்கு ஆரை அனுப்புறம் எண்டு அவை பாக்கத்தானே வேணும்? என்னைக் கேட்ட மாதிரி எல்லாரையும் கேக்கட்டும்."

திங்கட்கிழமை வேலையில் சேர்கிறார்.

என்னிடம் யாரும் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது எனக்கு. இப்படிக் குடைந்து கேட்டிருந்தால் எதையெல்லாம் சொல்லியிருப்பேன், எதை விழுங்கியிருப்பேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்ததில், இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டேன்.

நீங்களாக இருந்தால், எவ்வளவு சொல்லியிருப்பீர்கள்?