அண்ணனுக்குச் சர்க்கரை நோய் இல்லை

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்காக அச்சிட்ட இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். ஒரு பொய்யைத் திருத்திவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். அண்ணனுக்குச் சர்க்கரை நோய் இருந்ததே இல்லை.

அண்ணன் பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். அப்பா காலமானபின் படிப்பை விட்டு, மந்தைவெளியில் இஸ்திரி வண்டி போட்டு எனக்குத் திருமணம் செய்துவைத்தார். பிறகு அரசு அதிகாரிகள் கரையிலிருந்த வீடுகளை அகற்றி, எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடியேற்றினார்கள். இரண்டு பஸ் மாறி அண்ணன் மந்தைவெளிக்குப் போய்ச் சேர்வதற்குள் வாடிக்கை போய்விட்டது. சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சை நிறுத்தினார், பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். "அண்ணா, செத்துடலாம்னு நெனைக்கிறியா?"

"ஆமாம்மா. தெனம் அதான் ஓடிக்கினு கீது."

கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவேனோ என்று அதுவரை பயந்திருந்தேன். என் மடத்தனம். அன்றைக்கே அண்ணியும் நானும் அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். மாத்திரையும் டாக்டரம்மாவின் பேச்சும் மெல்ல அவரை மீட்டன. பிளாக் வாசலிலேயே மறுபடி இஸ்திரி வண்டி போட்டார்.

பைத்தியம் என்பார்களே என்று பயந்து, "சுகர் மாத்திரை" என்று பிளாக் முழுக்கச் சொன்னது நான்தான். மூன்று வருடம் எந்த விசேஷத்திலும் அண்ணன் இலையில் ஒரு ஜாங்கிரி விழவில்லை. பரிமாறுகிறவர்களுக்கு அவ்வளவு அக்கறை.

என் மகளின் மஞ்சள் நீராட்டுப் பந்தியில் அண்ணன் பொறுமை இழந்தார். "எனக்கு சுகரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மனசுக்குத்தான் மாத்திர துன்றேன். ரெண்டு ஜாங்கிரி வை நைனா." பந்தியே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் எரிந்தது.

மறுநாள் மூன்றாம் மாடி மீன்காரம்மா வந்து, "என்னையும் அங்க இட்டுக்கினு போறியா தம்பி?" என்று கேட்டார். தன் விஷயத்தையும் இதில் எழுதச் சொன்னது அவர்தான். அதன்பின், டாக்டரம்மா இருக்கும் செவ்வாய்க்கிழமைகளில் அண்ணன் வண்டி போடவில்லை. யாரையாவது அழைத்துக்கொண்டு மருத்துவமனை வரிசையில் நின்றார். சென்ற ஆண்டு மாரடைப்பில் போகும்வரை அதை விடவில்லை.

டாக்டரம்மாவுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பிளாக் மக்களுக்கும் நன்றி. இப்போது செவ்வாய்தோறும் அண்ணி போகிறார், நானும் போகிறேன். யார் வேண்டுமானாலும் எங்கள் கதவைத் தட்டலாம்.

"குடும்ப மானம் போயிடும், இத அச்சுல போடாத" என்று தடுத்தவர் எங்கள் சித்தப்பா. அவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவரே கேட்டார்.

"செவ்வாக்கெழம நானும் டாக்டர பாக்க வரட்டாம்மா? இதையும் எழுதிக்க."

செவ்வாய்வரை காத்திருக்கவில்லை. அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு இருவரும் மருத்துவமனைக்குக் கிளம்பினோம்.