சேனாபதியின் நமுத்த தோட்டாக்கள்

சேனாபதி என்று பெயர் வைத்துவிட்டால் ஆயிற்றா? எங்கள் சேனாபதி கொசு அடிக்கவே யோசிப்பான். தாராபுரத்துக்காரன். அமெரிக்காவில், டெக்சாஸின் சுகர் லேண்டில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. நானும் அவனும் ஒரே அபார்ட்மென்ட். அவனுக்குப் பேச்சு திக்கும். சில சொற்கள் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். எனக்கோ வாய் சும்மா இருக்காது. அவன் ஆரம்பித்த வாக்கியத்தையெல்லாம் நானே முடித்துவைப்பேன். சாம்பார் கேட்டவனுக்குச் சர்க்கரை கொடுத்ததும் உண்டு.

தொண்ணூற்றாறில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தினால் மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து ஃபோனில் பேசவேண்டும். அப்போதெல்லாம் கடையில் காசு கொடுத்து வாங்கும் ஃபோன் கார்டில்தான் ஊருக்குப் பேசுவோம், அந்த லைன் நினைத்தபோது செத்துப்போகும். அதனால் இவன் பேச்சு நின்றாலே லைன் போய்விட்டது என்று அங்கே வைத்துவிடுவார்கள். முதல் பெண் அப்படித்தான் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்துவிட்டு வைத்தாள். இரண்டாவது பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை குடித்திருக்கிறார் என்றே முடிவுகட்டிவிட்டார். மூன்றாவது, கோபிசெட்டிபாளையத்து மரகதம். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் பெண்ணே பார்க்கவேண்டாம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டான்.

பேசவே தேவையில்லாத இடம் ஒன்றை அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். ஊருக்கு வெளியே துப்பாக்கி சுடும் மைதானம். அங்கே எல்லாரும் காதை மூடிக்கொண்டிருப்பார்கள், யாரும் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். துப்பாக்கி ஆபீஸ் நண்பருடையது. தோட்டா மட்டும் இவன் வாங்கியது. எங்கோ ஒரு நாட்டு ராணுவம் கழித்துப்போட்டது, எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது, மலிவு என்பதால் ஒரு பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

அதில் பாதி வெடிக்கவில்லை. நமுத்துப்போயிருக்கும் என்றான். நானும் ஆமாம் என்றேன். தீபாவளிக்கு முன்னால் வெடியை மொட்டை மாடியில் காயப்போட்டு வளர்ந்த ஜாதி அல்லவா நாங்கள்! பீட்சா பெட்டி மூடிகளில் தோட்டாக்களைப் பரப்பி, டெக்சாஸ் வெயிலில் பால்கனியில் காயவைத்தோம். படித்த இரண்டு முட்டாள்கள்.

சனிக்கிழமை மைதானத்துக்கு நானும் போனேன். சேனாபதி குறிபார்த்து விசையை அழுத்தினான். டக் என்றது, அவ்வளவுதான். காயவைத்தும் பிரயோஜனமில்லையே என்று தோட்டாவை வெளியே எடுக்கப் போனான். மைதானத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆள் பாய்ந்துவந்து அவன் தோளைப் பிடித்தார். திறக்காதே, திரும்பாதே, துப்பாக்கியை முன்னால் நீட்டியபடியே பொறு என்றார். பொறுத்தோம். ஒன்றுமில்லை என்று நான் வாயைத் திறந்த நேரத்தில் தோட்டா வெடித்தது. திறந்திருந்தால் அவன் முகத்துக்கு நேரே வெடித்திருக்கும்.

பீட்சா பெட்டி விஷயத்தைக் கேட்டு அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். இது ஈரமில்லை, வயது என்றார். மருந்து பழையதானால் நெருப்பு தாமதமாகப் பிடிக்கலாம், வெயிலில் வைத்தால் இன்னும்தான் கெடும் என்று சொல்லி, மிச்சத்தையெல்லாம் அழிப்பதற்கு வாங்கிக்கொண்டார். சத்தம் வரவில்லை என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடாதே என்றும் சொன்னார்.

ஃப்ரீவேயில் வெகுதூரம் வந்தபிறகு சேனாபதி வாயைத் திறந்தான்.

"நா... நானும் அப்படித்தான்டா."

அன்று இரவே மரகதத்துக்கு ஃபோன். அங்கே ஞாயிறு காலை. "நான்" என்பதோடு நின்றுவிட்டது. பழக்கதோஷத்தில் பேச்சை முடித்துவைக்க ஃபோனுக்குக் கை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டு, அவனே மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னான்.

"நான் பேசாம நின்னா லைன் கட் ஆயிருச்சுன்னு வெச்சராதீங்க. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, வந்துரும்."

அந்தப் பக்கம் வைக்கவில்லை. அவன் திக்கித் திக்கி வேலையைச் சொன்னான், தோட்டா காயவைத்த கதையைச் சொன்னான். அந்தப் பெண் சிரிப்பது எனக்கே கேட்டது. பிறகு "உங்களுக்கு என்னை" என்று ஆரம்பித்தான். கார்டில் காசு தீர்ந்து லைன் போய்விட்டது.

அவன் முகம் செத்துவிட்டது. வேறு கார்டு இல்லை. மளிகைக் கடை பூட்டுவதற்குள் ஒன்று வாங்கிவந்துவிடலாம் என்று நான் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அந்த நாளில் அங்கிருந்து அமெரிக்காவுக்கு யாராவது சும்மா கூப்பிடுவார்களா? சாவுச் செய்தியோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"மரகதம் பேசறனுங்க. அவரு என்னமோ கேக்க வந்தாருங்க, பாதில நின்னு போச்சு. மீதியக் கேக்கத்தான் கூப்பிட்டனுங்க."

மீதி என்னவென்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு ஃபோனை அவனிடம் கொடுத்தேன்.