ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டு ஆண்களுக்கு, வாங்கி வந்த பொருளின் அட்டைப்பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிப்பது கௌரவக் குறைச்சல். பிரித்து எறிவார்கள், செருகுவார்கள், ஓடாவிட்டால் தலையில் தட்டுவார்கள், அப்புறம் கடைக்காரனைத் திட்டுவார்கள். படிப்பது என் வேலை. பி.காம். படித்த மருமகள் என்று கல்யாணத்தின்போது கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் வடகரப்பதி முழுக்கச் சொல்லிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்தப் படிப்பு, கரண்ட் பில்லையும் விவசாய ஆபீஸான கிருஷி பவனிலிருந்து வரும் மலையாளக் கடிதத்தையும் வாசித்துச் சொல்வதற்குத்தான் பயன்பட்டது.

வீட்டில் கறவை மாடுகள் உண்டு. காலையில் கறக்க ஒருவர் வருவார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே எங்கள் மாடுகளைக் கறக்கிறவர். கறந்து முடித்துக் கேனை மூடி, மாடு கட்டும் கட்டுத்தரையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார். பிறகு என் கணவர் அதை பைக்கில் கட்டிப் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோவார்.

போன கோடையில் சொசைட்டிக்காரர்கள், உங்கள் பால் தண்ணியாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் ஜாடையாகச் சொன்னார்கள். அப்புறம் ஒருநாள் பால்மானியை முக்கிப் பார்த்துவிட்டுக் கேனையே திருப்பி அனுப்பினார்கள். கட்டிக் கொடுத்த பெண் துணிப்பெட்டியோடு திரும்பி வந்த மாதிரி வீடே வாயை மூடிக்கொண்டது. மறுநாள் என் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொசைட்டிக்கே போனார். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "கறக்கறவன்தான் பாலை எடுத்துட்டுத் தண்ணிய ஊத்தி அளவு காட்டறான். திருட்டுப் பய" என்று அறிவித்துவிட்டு வந்தார். பார்த்தாரா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பெரிய தோட்டத்துக்காரர் சொன்னால் அதற்குமேல் கேள்வி கிடையாது. அந்த வாரமே வேறு இரண்டு வீடுகளில் கறவைக்காரரைக் கறக்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாமனார் பழி சொன்ன அன்று சாயங்காலமே கறவைக்காரர் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"நீங்கதானுங்களே கட்டுத்தரைல கேமரா வெச்சிருக்கறீங்க. அதைப் போட்டுப் பாருங்க. நான் ஊத்தியிருந்தா, சொசைட்டி முன்னால நின்னு நானே ஒத்துக்கறனுங்க."

"பாக்கத்தான்டா போறேன்" என்றார் மாமனார்.

வாழைத்தார் களவு போன வருஷம் மாமனார் சொல்லித்தான் அந்தக் கேமராக்களை மாட்டினார்கள். மாட்டிய நாளிலிருந்து அதில் என்ன பதிவாகிறது என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. கேமரா இருக்கிறது என்பதே பெருமையாகப் போதுமானதாக இருந்தது. இப்போது பார்க்கலாம் என்று மோட்டார் ரூமுக்குப் போனால், காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. முந்தைய வாரம் மழையோடு இடித்த இடியில் அது அடங்கிப்போயிருந்தது. ஆனால் பால் தண்ணி என்ற பேச்சு அந்த மழைக்கு முன்பே தொடங்கிவிட்டதால், எங்களுக்கு வேண்டிய காட்சி உள்ளே இருக்கத்தான் வேண்டும்.

என் கொழுந்தனார் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். போனிலேயே வைத்தியம் சொன்னார்.

"டிவிஆர் செத்தா சாகட்டுமுங்க அண்ணி. டிஸ்க்குதான் உசுரு. அதைக் கழட்டி ஒரு கேஸ்ல போட்டுட்டா பென்டிரைவ் மாதிரி ஆயிரும். ஒரு வேலையே இல்லை."

ஒரு வேலையே இல்லாத அந்த வேலைக்காக என் கணவர் கொழிஞ்சாம்பாறைக்குப் போய் ஒரு கேஸ் வாங்கி வந்தார். ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைத்து, வெளியே ஒரு வயரை நீட்டிக் கம்ப்யூட்டரில் செருகுவதற்கான கூடு அது. டிவிஆரிலிருந்து கழற்றிய டிஸ்க் செங்கல் மாதிரி இருந்தது. அவர் வாங்கி வந்ததோ செல்போன் அளவு. இப்படியும் அப்படியும் திருப்பி அழுத்திப் பார்த்துவிட்டு, "ஓரத்துல கொஞ்சம் ராவுனா போயிருமாட்ட இருக்குது" என்று அரம் எடுத்துவர எழுந்தார். நான் பொய் சொல்லவில்லை. டிஸ்க்கை ராவுவதற்கு அரம். கேஸ் அட்டையில் இரண்டரை இஞ்ச் என்றும், எங்கள் டிஸ்க் மூன்றரை இஞ்ச் என்றும் நான் படித்துக் காட்டிய பிறகு, "அப்ப கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று சமாதானமானார்.

இதற்கிடையில் கறவைக்காரர் தினமும் சாயங்காலம் வந்தார். மாடுகளைக் கறக்க அல்ல. அதை என் மாமனார் நிறுத்திவிட்டார். வாசலிலேயே நின்று, "பொட்டி ஏதாச்சும் சொல்லுச்சுங்களா அம்மிணி?" என்று என்னிடம் கேட்பார். இன்னும் இல்லைங்க என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். எங்கள் எல்லோரிலும் அந்தக் காட்சி உண்மையிலேயே தேவைப்பட்டவர் அவர் ஒருவர்தான். என் மாமனார் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "அவனே எதையாச்சும் பண்ணித்தான் பொட்டி கெட்டிருக்கும்." இடியையும் கறவைக்காரர்தான் இறக்கினார் என்று சொல்லாதது ஒன்றுதான் பாக்கி.

சனிக்கிழமை கொழுந்தனார் பெரிய கேஸோடு வந்தார். கூடத்து மேசையில் லேப்டாப்பைத் திறந்து, முழுக்கைச் சட்டையை மடக்கிவிட்டு, ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் தோரணையில் உட்கார்ந்தார். டிஸ்க்கை வைத்து ஸ்குரூ முடுக்கி, வயரைச் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. பிடுங்கி மறுபக்கம் செருகினார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

"டிஸ்க் போயிருச்சுங்க அண்ணி" என்றார்.

கேஸோடு வந்த காகிதத்தைத் தேடினேன். மேசைக்கடியில் கசங்கிக் கிடந்தது. பெரிய டிஸ்க்குக்கு வயரில் வரும் கரண்ட் போதாது, கூட வரும் அடாப்டரைத் தனியாகச் சுவரில் செருகவேண்டும் என்று படம் போட்டே காட்டியிருந்தது. அடாப்டர் எங்கே என்றேன்.

"அது சார்ஜரல்லோ? எம்போனுக்குச் சேரல" என்றார் என் கணவர். அலமாரிக்கு மேல் வீசி வைத்திருந்தார்.

செருகியதும் கேஸில் நீல வெளிச்சம் வந்தது. உள்ளே டிஸ்க் சுற்றுகிற சத்தமும் கேட்டது. லேப்டாப்பில் ஒரு கட்டம் எழும்பியது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்யவேண்டும், செய்யட்டுமா? கொழுந்தனாரின் விரல் நேராக 'ஆம்' பக்கம் போனது. நான் யோசிக்கவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டேன்.

"என்னங்க அண்ணி, இது சும்மா ஃபார்மாலிட்டி."

"ஃபார்மேட் பண்ணுனா உள்ள இருக்கறது இருக்குமா?"

மடக்கியிருந்த சட்டைக் கையை இன்னும் மேலே ஏற்றினார். "இருக்காதுங்க."

"அப்புறம் எதைப் பாக்கறதுக்குப் பண்ணறீங்க?"

குடிக்கத் தண்ணீர் கேட்டார். பிறகு வேறு வயர், வேறு ஓட்டை, இணையத்தில் இறக்கிய ஏதேதோ மென்பொருள் என்று பொழுது சாய்கிற வரைக்கும் மல்லுக்கட்டினார். ஒவ்வொரு முறையும் அதே கட்டம் வந்து, ஃபார்மேட் செய்யட்டுமா என்று பணிவாகக் கேட்டது. கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டு, "அவன் ஊத்துனான்னும் சொல்ல முடியாது, ஊத்தலைன்னும் சொல்ல முடியாது" என்று கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி சொன்னார். சம்பளம் வாங்குகிற மூளை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் இட்லி சாப்பிடும்போது நான் டிவிஆரோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் கிடந்தது. டிவிஆர் டிஸ்க்கில் தன் பாணியில்தான் எழுதும், அதைக் கம்ப்யூட்டரால் படிக்க முடியாது என்று அதில் இருந்தது. ஆக டிஸ்க்குக்கு ஒரு கேடும் இல்லை. தனக்குத் தெரியாத எழுத்தைப் பார்த்து, அழித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறது கம்ப்யூட்டர். எங்கள் வீட்டோடு அதற்கு நல்ல பொருத்தம்.

மோட்டார் ரூமுக்குப் போனேன். டிவிஆரின் அடாப்டரை மூக்கருகே கொண்டுபோனதுமே கருகல் வாசனை அடித்தது. செத்தது டிவிஆர் இல்லை, அதன் அடாப்டர். பன்னிரண்டு வோல்ட், இரண்டு ஆம்பியர் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. கேஸோடு வந்த அடாப்டரின் முதுகிலும் அதேதான் எழுதியிருந்தது. முனையும் ஒன்றுதான். டிஸ்க்கைப் பழையபடி டிவிஆருக்குள் மாட்டி, கூடத்துக்குத் தூக்கி வந்து டிவியில் இணைத்து, இந்த அடாப்டரைச் செருகினேன். பதிவாகியிருந்த கட்டுத்தரை டிவியில் தெரிந்தது. அலைந்து திரிந்து வாங்கிய கேஸில் எங்களுக்கு உதவியது, என் கணவர் அலமாரிக்கு மேல் வீசிய அந்த ஒரு பொருள்தான்.

இதையெல்லாம் மாட்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மவுஸ் என் கையில் இருந்தது. இடி விழுவதற்கு முந்தைய நாளின் விடியற்காலையை ஓடவிட்டேன். கறவைக்காரர் வந்தார். மடியைக் கழுவினார், கறந்தார், கேனில் ஊற்றினார். "இப்பப் பாரு, ஊத்துவான்" என்றார் மாமனார். ஊற்றவில்லை. கேனை மூடித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரம் வெறும் மாடுகள். அப்புறம் கையில் செம்போடு மாமனார் வந்தார். மூடியைத் திறந்தார், கிழக்கே பார்த்து ஏதோ முணுமுணுத்தார், செம்புத் தண்ணீரைக் கேனுக்குள் கவிழ்த்தார், மூடினார், போனார்.

முந்தைய நாளைப் போட்டேன். செம்பு. அதற்கு முந்தைய நாளிலும் செம்பு.

மாமனார் அசரவே இல்லை.

"அதா? அது சாங்கியமல்லோ. தண்ணி படாத வெறும் பால் வாசல் தாண்டுனா மாட்டுக்குக் கண்ணு பட்டுரும். மடி கல்லாயிரும்."

"முந்தியெல்லாம் ஒரு கை தெளிப்பீங்க. இது ஒரு செம்பல்லோங்கப்பா?" என்றார் என் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"செவலை மாட்டுக்கு மடி வீங்குச்சல்லோ. அதுக்குத்தான் கூட்டுனேன். இதைப் போயி தண்ணி ஊத்தறதுங்கறே?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரிந்தே பழி போட்டிருந்தால் கெட்ட மனிதர் என்று வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். இவர் தினமும் தன் கையால் ஒரு செம்பைக் கவிழ்த்துவிட்டு, பாலில் தண்ணீர் எப்படி வந்தது என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறார்.

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். "சரிங்க அண்ணி, அப்பா மூஞ்சி இதுல இருக்கறது நல்லதில்லை. அந்த மெனுலயே செட்டிங்ஸ் போங்க. ஃபார்மேட்டுன்னு இருக்கும். பண்ணிருங்க."

அந்த வாரம் முழுக்க அவர் சொன்னதில் சொன்னபடியே வேலை செய்யக்கூடிய யோசனை அது ஒன்றுதான்.

மவுஸைக் கீழே வைக்கவில்லை. வாசலில் கறவைக்காரர் வழக்கம்போல வந்து நின்றிருந்தார். "உள்ள வாங்க" என்றேன். அவர் மாமனாரைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எங்கள் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. மறுபடி கூப்பிட்டேன். வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. காட்சியை முதலிலிருந்து ஓட்டினேன். செம்பு கவிழ்ந்தபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நான் ஊத்தலைன்னு எனக்குத் தெரியுமுங்களே அம்மிணி. எனக்கெதுக்குங்க படம்? திருடன்னு சொன்னது சொசைட்டிலயுங்க. அங்க சொல்லோணுமுங்க."

"மாமா, நாளைக்குக் காலைல நீங்க வந்து சொல்றீங்களா, இல்ல இந்த டிவிஆரைத் தூக்கிட்டு நான் போகட்டுங்களா?" என்றேன். என் கணவர் என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று இருந்தேன்.

மாமனார் வந்தார். மறுநாள் காலை சொசைட்டிக்கு நானும் கூடப் போனேன், பையில் டிவிஆரோடு. வரிசையில் அதே ஆட்கள், அதே கேன்கள். கறவைக்காரர் தூணோரம் நின்றார். மாமனார் குரலை உயர்த்தாமல், "தண்ணி நான்தானுங்க உட்டேன். செவலைக்கு மடி வீங்குச்சு, சாங்கியத்துக்கு" என்றார். நான் ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தேன். வரிசையில் ஒருவர், "எங்க ஊட்டுலயும் ஒரு கை உடாம குடுக்கறதில்லீங்க" என்றார். இன்னொருவர், மடி வீங்கினால் ஒரு செம்பு சரிதான் என்றார். செக்ரட்டரி சிரித்துக்கொண்டே, "இனி கொஞ்சம் கொறச்சு உடுங்க" என்றார். மாமனாரும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். தூண் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

"இவரைத் திருடன்னு சொன்ன எடம் இதுதானுங்களே. சொன்ன வாயும் கேட்ட காதும் இங்கதான் நிக்குது. ஒருத்தராச்சும் அவர் திருடனில்லைன்னு சொல்லுங்க" என்றேன்.

செக்ரட்டரி அடுத்த கேனைக் கூப்பிட்டார்.

கறவைக்காரர் அந்தக் கேனை அளந்து முடிக்கிறவரை நின்றார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதற்கப்புறம் எங்கள் கட்டுத்தரைக்கு வரவில்லை. ஆள் விட்டும் வரவில்லை.

பழைய காட்சிகள்மேல் டிவிஆர் புதியதைப் பதிந்துகொண்டே போகும் என்று அந்தச் சின்னப் புத்தகத்தில் படித்திருந்தேன். டிவிஆருக்கு வேறு டிஸ்க்கும் வேறு அடாப்டரும் வாங்க வைத்து, பழைய டிஸ்க்கைக் கேஸில் போட்டு என் பீரோவில் வைத்திருக்கிறேன். கொழுந்தனார் லேப்டாப்போடு வரும்போது எடுத்து அதில் செருகுவேன். ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துவேன். கம்ப்யூட்டராவது என்னைக் கேட்கிறது. இப்போது காலையில் நான்தான் மாடு கறக்கிறேன். மாமனார் செம்போடு பக்கத்தில் வந்து நின்று, "அவன் ஏன் வர்றதில்லை அம்மிணி? அவனுக்கு நாம என்ன பண்ணுனோம்?" என்று கேட்கிறார்.